முன்னணையும் கல்லறையும்: கிறிஸ்தவத் திருநாள்கள் பற்றிய வாசகர் கேள்விகள்

கிறிஸ்தவத் திருநாள்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். ஒரே நாளைக் கத்தோலிக்கர் ஒரு பெயராலும் சீர்திருத்தச் சபையினர் வேறொரு பெயராலும் வழங்குவது தமிழில் உண்டு. தவக்காலம் என்பதும் லெந்து காலம் என்பதும் ஒன்றே. விண்ணேற்றம் என்பதும் பரமேறுதல் என்பதும் ஒன்றே. இரண்டு வழக்குகளையும் கலந்தே எழுதியிருப்பதை இரு தரப்பினரும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: கிறிஸ்துமஸ் பிறப்பைக் கொண்டாடுகிறது, புனித வெள்ளி மரணத்தை நினைவுகூர்கிறது, ஈஸ்டர் உயிர்த்தெழுதலைச் சொல்கிறது, தூய ஆவி சீடர்கள்மேல் இறங்கிய பெந்தெகொஸ்தே நாள் நிகழ்ச்சியிலோ இயேசுவே இல்லை. தொடர்பற்ற நிகழ்ச்சிகளை ஆண்டு முழுவதும் பரப்பி வைத்ததுபோல் இருக்கிறதே, இவற்றுக்குப் பொதுவான பொருள் என்று ஒன்று உண்டா?

பதில்: உண்டு. ஆனால் பல திருநாள்கள் இருக்கின்றன, அவற்றுக்குள் ஒரு பொதுப்பொருள் ஒளிந்திருக்கிறது என்று தேடுவதைவிட, ஒரே திருநாள்தான் இருந்தது, அதுவே நாளடைவில் பலவாகப் பிரிந்தது என்று பார்ப்பதுதான் வரலாற்றுக்கும் பொருளுக்கும் பொருந்தும் என்பது என் கருத்து.

ஒருவருடைய வாழ்க்கையைத் திருநாள்களாக்க நினைத்திருந்தால் பிறந்த நாளிலிருந்துதான் தொடங்கியிருப்பார்கள். தொடக்ககாலக் கிறிஸ்தவர்கள் அப்படிச் செய்யவில்லை. நற்செய்தி நூல்கள் நான்கினுள் பழமையானது என்று அறிஞர்களில் பெரும்பாலோர் கருதும் மாற்கு நூலில் இயேசுவின் பிறப்பைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. வளர்ந்த மனிதராக அவர் யோர்தான் ஆற்றுக்கு வரும்போதுதான் நாம் அவரை முதன்முதலாகச் சந்திக்கிறோம். அந்த நூலுக்கும் முன்பே, கி.பி. 50-களில், கொரிந்து நகரத்துச் சபைக்குக் கடிதம் எழுதிய பவுல், தாம் பெற்றுக்கொண்டதும் பிறருக்கு ஒப்படைத்ததுமான செய்தியைச் சுருக்கித் தரும்போது, கிறிஸ்து மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார் என்றே சொல்லிச் செல்கிறார். பிறப்பு அந்தச் சுருக்கத்தில் இடம்பெறவில்லை. 3-ஆம் நூற்றாண்டில் ஓரிகன் என்ற அறிஞர், வேதத்தில் பிறந்தநாள் விழா எடுத்தவர்கள் பார்வோனும் ஏரோதுமே என்று சற்றுக் காட்டமாகவே எழுதியிருக்கிறார்.

அவர்கள் கொண்டாடியது வாரத்தின் முதல் நாளாகிய ஞாயிற்றுக்கிழமையை; 2-ஆம் நூற்றாண்டிலிருந்து, ஆண்டுக்கு ஒருமுறை பாஸ்காவை. அந்தப் பாஸ்கா இன்று நாம் அறிந்த ஈஸ்டர் அன்று. நோன்பிருந்து, இரவெல்லாம் விழித்து, வேதம் வாசித்து, விடியலுக்கு முன் அப்பம் பிட்டு முடிக்கும் அந்த ஓர் இரவில் மரணத்தையும் உயிர்ப்பையும் சேர்த்தே நினைத்தார்கள். வெள்ளிக்கிழமைக்கு அழுகையும் ஞாயிற்றுக்கிழமைக்கு மகிழ்ச்சியும் என்று பங்கிட்டது பின்னால் வந்தது. அதற்குப் பெரிய காரணம் எருசலேம் நகரம். 380-களில் அங்கே புனிதப் பயணம் சென்ற எகேரியா என்ற பெண் எழுதிவைத்த குறிப்புகள் நமக்குக் கிடைத்துள்ளன. எந்த நிகழ்ச்சி எந்த இடத்தில் நடந்ததாக நம்பினார்களோ, அந்த இடத்துக்கு, அதே நாளில், அதே வேளையில் மக்கள் கூட்டமாகச் சென்று வழிபட்டதை அவர் விவரிக்கிறார். ஒலிவ மலையிலிருந்து கிளைகளை ஏந்தி இறங்கினார்கள். வெள்ளியன்று சிலுவை மரத்தை வரிசையில் நின்று முத்தமிட்டார்கள். முன்பு எப்போதோ ஒருவர் முத்தமிடக் குனிந்து மரத்தில் ஒரு துண்டைக் கடித்து எடுத்துப் போய்விட்டாராம். அதனால் உதவிக்குருக்கள் காவல் நின்றார்கள் என்றும் எகேரியா எழுதுகிறார். பக்தி எக்காலத்திலும் இப்படித்தான் இருந்திருக்கிறது. பயணிகள் இந்த முறையைத் தத்தம் ஊர்களுக்குக் கொண்டுசென்றார்கள். இவ்வாறு ஓர் இரவு ஒரு வாரமாக விரிந்தது. அதற்கு முன்னே 40 நாள் நோன்பும் பின்னே 50 நாள் மகிழ்ச்சியும் சேர்ந்தன. இன்னொரு பக்கம் பிறப்பு விழா தோன்றியது.

இனிப் பொருளுக்கு வருவோம். பாஸ்கா என்பது பெசாக் என்ற எபிரேயச் சொல்லிலிருந்து வந்தது. கடந்துபோதல் என்று அதற்குப் பொருள் கூறுவார்கள். எகிப்தில் அடிமைகளாயிருந்த மக்களின் வீடுகளைச் சங்காரம் கடந்துபோனது. அம்மக்கள் கடலைக் கடந்து விடுதலை பெற்றார்கள். இந்த ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு கிறிஸ்தவத் திருநாள்களைப் பார்த்தால் எல்லாம் ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கும். கிறிஸ்துமஸ் நாளில் கடவுள் மனிதரின் பக்கம் கடந்து வருகிறார். அந்தப் பயணம் தொழுவத்தோடு நிற்காமல், மனிதர் எவரும் தப்ப முடியாத மரணத்துக்குள்ளேயே போய்ச் சேர்வதைப் புனித வெள்ளியாகிய பெரிய வெள்ளி சொல்கிறது. மரணம் கடக்கப்பட்டது என்பது ஈஸ்டர். கடந்தவர் மனித உடலோடு தந்தையிடம் செல்வது விண்ணேற்றம். அவர் கடந்த அதே வழியில் மற்றவர்களும் கடக்க ஆற்றல் தரப்படுவது பெந்தெகொஸ்தே. ஆக, இறங்கி வந்து, கடந்து, கூட்டிச்செல்லும் ஒரே பயணத்தின் ஐந்து கட்டங்கள் இவை.

கேள்வி: ஞானியர் குழந்தை இயேசுவுக்குப் பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் ஆகியவற்றைக் கொடுத்ததாக வாசிக்கிறோம். பொன் புரிகிறது, தூபமும் புரிகிறது. வெள்ளைப்போளம் எதற்கு?

பதில்: இந்தப் பக்கத்துக்கு வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வெள்ளைப்போளம் என்பது அரேபியாவிலும் ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் வறண்ட நிலத்தில் வளரும் ஒருவகை முள்மரத்திலிருந்து வடியும் பிசின். கசப்பானது, நறுமணம் உடையது. மருந்துக்கும் வாசனைத் தைலத்துக்கும் அது பயன்பட்டது. இறந்தவர் உடலைப் பக்குவப்படுத்தவும் பயன்பட்டது. பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகிறவர்கள் அடக்கத்துக்கு உதவும் பொருளையா எடுத்துப் போவார்கள் என்று கேட்கத் தோன்றும். மத்தேயு அந்தக் கேள்வி எழ வேண்டும் என்றே எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன்.

தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள். மத்தேயு இரண்டாம் அதிகாரத்தில் குழந்தைக்குக் கொடுத்த காணிக்கையாக அது வருகிறது. மாற்கு பதினைந்தாம் அதிகாரத்தில், சிலுவையில் அறைவதற்குமுன் வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தைக் கொடுக்கிறார்கள், அவர் ஏற்கவில்லை. யோவான் பத்தொன்பதாம் அதிகாரத்தில், வெள்ளைப்போளமும் கரியபோளமும் கலந்து ஏறக்குறைய நூறு இராத்தல் சுமந்துகொண்டு நிக்கொதேமு அடக்கத்துக்கு வருகிறார். தொட்டில், சிலுவை, கல்லறை ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே பிசினின் மணம் வீசுகிறது.

லூக்காவும் இதே வேலையை வேறு விதமாகச் செய்கிறார். தாய் குழந்தையைத் துணிகளில் சுற்றி முன்னணையிலே, அதாவது கால்நடைகளின் தீவனத் தொட்டியிலே, கிடத்துகிறாள் என்று தொடக்கத்தில் எழுதுகிறார். முடிவில், யோசேப்பு என்ற வேறொருவர் உடலைத் துப்பட்டியிலே சுற்றிக் கல்லறையிலே வைக்கிறார் என்று எழுதுகிறார். இரண்டு இடத்திலும் பிறர் கைகளில்தான் அவர் இருக்கிறார். தானாக அசைய முடியாதவராக இருக்கிறார். கிழக்குத் திருச்சபைகளின் மரபான கிறிஸ்து பிறப்புப் படங்களில் இந்த ஒப்புமை கண்ணுக்குத் தெரியும்படியே தீட்டப்பட்டிருக்கும். அங்கே தொழுவம் ஓர் இருண்ட குகை. முன்னணை கல்லால் செய்த சவப்பெட்டி போன்றது. குழந்தையைச் சுற்றியுள்ள துணி பிரேதத்துக்குச் சுற்றுவதுபோல் இறுக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். வாழ்த்து அட்டைகளில் காணும் வைக்கோல் மெத்தைக்குப் பழகிய கண்களுக்கு இது சற்று அதிர்ச்சியாகவே இருக்கும்.

மேற்குத் திருச்சபையின் நாட்காட்டியும் இதையே செய்கிறது. டிசம்பர் 25 கிறிஸ்து பிறப்பு. மறுநாளே, டிசம்பர் 26 அன்று, கல்லெறிந்து கொல்லப்பட்ட முதல் மறைசாட்சியாகிய ஸ்தேவானின் நினைவு. டிசம்பர் 28 ஏரோது கொன்ற குழந்தைகளின் நினைவு. நாட்காட்டியை அமைத்தவர்கள் நம்மை ஒரு நாளுக்குமேல் தொழுவத்தில் உட்கார்ந்திருக்க விடவில்லை.

இடையில் ஒரு சிறு திருத்தம். ஞானியர் மூவர் என்று மத்தேயு சொல்லவில்லை. அரசர்கள் என்றும் சொல்லவில்லை. காணிக்கைகள் மூன்று என்பதால் கொடுத்தவர்களும் மூவராகிவிட்டார்கள்.

கேள்வி: டிசம்பர் 25 சூரியனுக்கான ரோமானிய விழா என்றும், கிறிஸ்தவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள் என்றும் சொல்கிறார்களே, அப்படியானால் கிறிஸ்துமஸ் இரவல் திருநாள்தானா?

பதில்: இயேசு பிறந்த நாள் வேதத்தில் இல்லை. டிசம்பர் 25 என்ற தேதிக்குக் கிடைக்கும் பழைய தெளிவான சான்று ரோமில் 354-ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டித் தொகுப்பு. வேடிக்கை என்னவென்றால், அதே தொகுப்பின் இன்னொரு பகுதியில், அதே தேதிக்கு நேராக, 'வெல்லப்படாதவன்' பிறந்தநாளுக்காக 30 தேரோட்டங்கள் என்ற குறிப்பும் இருக்கிறது. அந்த வெல்லப்படாதவன் சூரியன் என்பதே பொதுவான கருத்து; 274-ஆம் ஆண்டில் பேரரசர் அவுரேலியன் அந்த வழிபாட்டுக்கு அரச ஆதரவு தந்தார். இரண்டையும் இணைத்து, ஒன்று மற்றொன்றைப் பின்பற்றியது என்று சொல்வது இயல்பே.

ஆனால் வேறொரு விளக்கமும் உண்டு. அதையும் அறிஞர்கள் தள்ளிவிடவில்லை. இயேசு மரித்த தேதி மார்ச் 25 என்று 200-ஆம் ஆண்டை ஒட்டியே மேற்கில் கணக்கிட்டிருந்தார்கள்; தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் அதைக் குறிப்பிடுகிறார். அவர் தாயின் வயிற்றில் உருவானதும் அதே தேதியில்தான் என்ற நம்பிக்கை இருந்ததை 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகுஸ்தீன் என்ற ஆயர் எழுதுகிறார். மார்ச் 25-லிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25. கிழக்கே ஏப்ரல் 6 என்ற கணக்கிலிருந்து ஜனவரி 6 பிறந்தது என்பார்கள். அர்மேனியத் திருத்தூதர் திருச்சபை இன்றும் ஜனவரி 6 அன்றுதான் பிறப்பைக் கொண்டாடுகிறது.

எந்த விளக்கம் சரி என்று தீர்ப்பளிக்கும் அளவுக்குச் சான்றுகள் இல்லை. இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம். என்னைக் கவர்வது இரண்டாவது விளக்கத்துக்குள் இருக்கும் எண்ணம். மரித்த நாளை முதலில் தேடிக் கண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பிறந்த நாளைப் பெற்றார்கள் என்றால், கிறிஸ்துமஸ் தேதியே சிலுவையின் நிழலில்தான் எழுதப்பட்டது. மார்ச் 25 இன்றும் மரியாவுக்குத் தூதர் செய்தி சொன்ன நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2016-இல் புனித வெள்ளி சரியாக மார்ச் 25 அன்று வந்தது. கத்தோலிக்கத் திருச்சபை அந்த ஆண்டு தூதுரைத் திருநாளை ஏப்ரல் 4-க்கு ஒத்திவைத்தது. பழைய கணக்கை நினைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே நாளில் வந்ததைப் பேறாகக் கருதியிருக்கலாம்.

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு நிலையான தேதி இருக்கும்போது ஈஸ்டர் மட்டும் ஏன் ஆண்டுக்கு ஆண்டு நகர்கிறது?

பதில்: ஒன்று சூரியனைப் பின்பற்றுகிறது, மற்றொன்று சந்திரனை. இயேசு யூதர்களின் பாஸ்கா வேளையில் சிலுவையில் அறையப்பட்டார். பாஸ்கா, யூத நாட்காட்டியின் நிசான் மாதத்துப் பௌர்ணமியை ஒட்டியது. எனவே தொடக்கத்தில் ஆசியா மைனர் சபைகள், எந்தக் கிழமையானாலும் சரி என்று நிசான் 14-லேயே கொண்டாடின. ரோம் முதலிய சபைகள் ஞாயிற்றுக்கிழமைதான் வேண்டும் என்றன. 155-ஆம் ஆண்டை ஒட்டி, ஸ்மிர்னா நகர ஆயர் பொலிக்கார்ப்பு ரோம் சென்று அனிசெத்து என்ற ஆயரிடம் இதைப் பேசினார். இருவருமே தத்தம் வழக்கத்தை விடவில்லை, உறவையும் விடவில்லை. பின்வந்தவர்களுக்கு அந்தப் பொறுமை வாய்க்கவில்லை. 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் எல்லோரும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்று முடிவுசெய்தது. மார்ச் 21 அன்றோ அதன் பின்னோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்பது நிலைபெற்ற விதி. வானத்துப் பௌர்ணமியைப் பார்த்து இதைக் கணிப்பதில்லை. திருச்சபையின் அட்டவணைப் பௌர்ணமியே கணக்கு. இதன்படி மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறும் ஈஸ்டராகலாம்.

1582-இல் மேற்குத் திருச்சபை தன் நாட்காட்டியைத் திருத்தியது. கிழக்குச் சபைகளுள் பெரும்பாலானவை ஈஸ்டரைப் பழைய ஜூலியன் கணக்கிலேயே பார்க்கின்றன. 2024-இல் மேற்கில் மார்ச் 31, கிழக்கில் மே 5. 2025-இல், நிசேயா சங்கத்தின் 1700-ஆம் ஆண்டில், இரண்டும் ஏப்ரல் 20 என்று ஒன்றுசேர்ந்தன.

தேதி நகர்வது அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் சிரமம்தான். ஆனாலும் எகிப்தை விட்டுப் புறப்பட்ட அந்தப் பௌர்ணமி இரவோடு ஈஸ்டரைக் கட்டிவைத்திருப்பது இந்த நகர்வே. நிலையான தேதிக்கு மாற்றினால் அந்தக் கட்டு அறுந்துவிடும். நான் அதை விரும்பமாட்டேன்.

கேள்வி: 'எக்ஸ்மஸ்' என்று எழுதுவது கிறிஸ்துவின் பெயரை நீக்கும் செயல் என்று கண்டிக்கிறார்களே?

பதில்: கண்டிக்கத் தேவையில்லை. அந்தக் குறி கிரேக்க எழுத்தாகிய 'கை'. கிறிஸ்து என்ற பெயரின் முதலெழுத்து. படியெடுத்தவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திய சுருக்கம் அது.

கேள்வி: ஒருவர் கொல்லப்பட்ட நாளை ஆங்கிலத்தில் 'குட் ஃப்ரைடே' என்கிறார்கள். நல்ல வெள்ளி என்று வாழ்த்தலாமா?

பதில்: வாழ்த்த வேண்டாம். அது வாழ்த்துச் சொல்லும் நாள் அன்று. மௌனமே அன்றைக்குப் பொருத்தம். ஆங்கிலச் சொல்லில் உள்ள 'குட்' என்பதற்குப் புனிதமான என்ற பழைய பொருளே கொள்ள வேண்டும். கிரேக்கர் தமிழரைப் போலவே பெரிய வெள்ளி என்கிறார்கள், மலையாளத்தில் துக்கவெள்ளி, ஜெர்மன் சொல்லிலும் புலம்பல் என்ற பொருளே உள்ளது. பெயர்கள் இப்படிப் பிரிந்து நிற்பதற்குக் காரணம் அந்த நாளுக்கே இரண்டு முகங்கள் இருப்பதுதான்.

சிலுவையில் இயேசு கடைசியாகச் சொன்னதாக யோவான் எழுதும் ஒரு சொல்லைத் தமிழில் இருவிதமாகப் பெயர்த்திருக்கிறார்கள். பழைய மொழிபெயர்ப்பில் "முடிந்தது". கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியத்தில் "எல்லாம் நிறைவேறிற்று". முதலாவதைத் தனியாகக் கேட்டால் தோற்றவர் விடும் மூச்சுப்போல் இருக்கிறது. இரண்டாவதைக் கேட்டால் எடுத்த வேலையை முடித்தவர் சொல்வதுபோல் இருக்கிறது. கிரேக்க மூலச்சொல் இரண்டுக்கும் இடம் தருகிறது. நிறைவு என்ற பொருள் அதில் ஓங்கி நிற்கிறது. பழைய பாஸ்கா இரவில் பிரிக்கப்படாமல் இருந்த அழுகையும் வெற்றியும் இந்த ஒரு சொல்லில் இன்னும் பிரியாமல் இருக்கின்றன. கத்தோலிக்க ஆலயங்களில் அன்று திருப்பலி நிறைவேற்றப்படுவதில்லை. பீடம் விரிப்பின்றி வெறுமையாக இருக்கும். அங்கே வாசிக்கப்படும் இயேசுவின் பாடுகளின் (துன்பங்களின்) வரலாறு யோவான் எழுதியது என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: விண்ணேற்றமும் பெந்தெகொஸ்தேயும் பெரிய திருநாள்கள் என்று சொல்கிறார்கள். ஆனால் யாரும் பெரிதாகக் கொண்டாடுவதில்லையே?

பதில்: கிறிஸ்துமஸுக்குக் குழந்தை இருக்கிறது, ஈஸ்டருக்குக் காலிக் கல்லறை இருக்கிறது. விண்ணேற்றத்துக்குக் காட்ட ஒன்றுமில்லை. ஒருவர் கண்ணுக்கு மறைந்துபோனதைத்தான் சொல்ல முடியும். ஈஸ்டரிலிருந்து நாற்பதாம் நாள் என்பதால் வியாழக்கிழமையில் வேறு வந்துவிடுகிறது. ஆனால் லூக்கா சொல்லும் ஒரு விவரம் வியப்பூட்டுவது. குருவைப் பிரிந்த சீடர்கள் அழுதுகொண்டு திரும்பவில்லை. "மிகுந்த சந்தோஷத்தோடே" எருசலேமுக்குத் திரும்பினார்கள் என்கிறார். பிரிந்ததாக அவர்கள் நினைக்கவில்லை என்பதுதான் இதற்கு விளக்கம். ஓர் ஊரில், ஒரு காலத்தில், ஒரு கூட்டத்தாரோடு மட்டும் இருந்தவர், இனி எல்லா இடத்திலும் எல்லோரோடும் இருப்பார் என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். மத்தேயுவின் நூல், கடவுள் நம்மோடிருக்கிறார் என்று பொருள்படும் இம்மானுவேல் என்ற பெயரோடு தொடங்கி, உலகத்தின் முடிவுவரை உங்களோடு இருக்கிறேன் என்ற சொல்லோடு முடிகிறது. முதல் வாக்கு கிறிஸ்துமஸ் நாளில் வாசிக்கப்படுகிறது என்றால், கடைசி வாக்கு விண்ணேற்றத்துக்கு உரியது.

கடந்தும் உள்ளும் இருப்பவர் என்று கடவுள் என்ற சொல்லைப் பிரித்துப் பொருள் சொல்லும் வழக்கம் தமிழில் உண்டு. சொல்லாராய்ச்சியாளர் அதை ஏற்பாரா என்பது வேறு விஷயம். விண்ணேற்றத்தையும் பெந்தெகொஸ்தேயையும் பத்தே நாள் இடைவெளியில் வைத்திருப்பதன் கருத்தை இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது. முதல் நாளில் அவர் கடந்து செல்கிறார். பத்து நாள் கழித்து, தூய ஆவியாக உள்ளே வருகிறார்.

பெந்தெகொஸ்தே என்றால் ஐம்பதாவது. யூதர்களின் அறுவடை விழா அது. சீனாய் மலையில் கட்டளைகள் பெற்றதன் நினைவாகவும் பின்னர்க் கருதப்பட்டது. அன்று எருசலேமில் கூடியிருந்தவர்களை, பார்த்தர், மேதர் என்று தொடங்கி அரபியர் வரை, அப்போஸ்தலர் நடபடிகள் நூல் 15 பெயர்களாக வரிசைப்படுத்துகிறது. இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. எல்லோரும் அன்று ஒரே மொழிக்கு மாறவில்லை. சீடர்கள் பேசியதை ஒவ்வொருவரும் தத்தம் தாய்மொழியில் கேட்டார்கள். பாபேல் கோபுரத்தில் பிரிந்த மொழிகள் மீண்டும் ஒன்றாக்கப்படவில்லை. பிரிந்தபடியே, ஒவ்வொரு மொழிக்குள்ளும் செய்தி கடந்து சென்றது. கடவுள் மனித உடலை ஏற்றார் என்கிறது கிறிஸ்துமஸ். மனிதரின் மொழிகள் அனைத்தையும் ஏற்றார் என்கிறது பெந்தெகொஸ்தே. அந்த வகையில் இது கிறிஸ்துமஸுக்கு மிக நெருங்கிய திருநாள்.

கேள்வி: சில கிறிஸ்தவப் பிரிவினர் கிறிஸ்துமஸோ ஈஸ்டரோ கொண்டாடுவதே இல்லை. அவர்களுக்கு இந்தப் பொருளில் நம்பிக்கை இல்லையா?

பதில்: பெரும்பாலும் நம்பிக்கை மிகுதியால்தான் கொண்டாடாமல் இருந்தார்கள். 1647-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பெந்தெகொஸ்தே மூன்றையும் நீக்கிச் சட்டம் செய்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடியவருக்கு 5 ஷில்லிங் அபராதம். ஸ்காட்லாந்தில் டிசம்பர் 25 பொதுவிடுமுறையானது 1958-இல்தான். வேதம் கட்டளையிடாத நாள்களை மனிதர் ஏற்படுத்தக் கூடாது, கர்த்தருடைய நாளாகிய ஞாயிறு ஒன்றே போதும் என்பது அவர்களின் வாதம். அபராதம் விதித்ததை நான் நியாயப்படுத்தமாட்டேன். ஆனால் அந்த வாதத்தின் அடியில் நான் முதல் பதிலில் சொன்ன உண்மையே இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சிறிய ஈஸ்டர். தவக்காலத்து நாள்களை எண்ணிப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்திய நாள் வரை 46 நாள்கள் வருகின்றன, 40 அல்ல. இடையில் வரும் ஆறு ஞாயிறுகளில் நோன்பு கிடையாது என்பதால் அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. துக்கத்தின் நடுவிலும் ஈஸ்டரை ஒத்திவைக்கத் தவக்காலத்தை அமைத்தவர்களுக்கு மனம் வரவில்லை.

நாள்களை விசேஷமாக எண்ணுகிறவனும் எண்ணாதவனும் கர்த்தருக்கென்றே அப்படிச் செய்கிறான் என்று ரோமருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் இரு தரப்புக்கும் இடம் கொடுத்திருக்கிறார்.

கேள்வி: நான் கிறிஸ்தவன் அல்லன். உயிர்த்தெழுதலை நம்புவதும் எனக்குக் கடினம். ஆனாலும் இந்தத் திருநாள்களின் பொருளை நேரில் அறிய விரும்புகிறேன். ஒரே ஒரு வழிபாட்டுக்குத்தான் போக முடியும் என்றால் எதற்குப் போகலாம்?

பதில்: உங்கள் தயக்கத்தை வெளிப்படையாகச் சொன்னது நல்லது. கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்று பவுலே எழுதியிருக்கிறார். ஆகவே இதை வசந்தகாலத்தின் உருவகம் என்றோ நம்பிக்கையின் அடையாளம் என்றோ மென்மையாக்கி உங்களிடம் நீட்டுவது இருவருக்கும் நேர்மையாகாது. நம்பாமலும் போய்ப் பார்க்கலாம்; யாரும் தடுக்கமாட்டார்கள்.

பெரிய சனிக்கிழமை இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்புக்குச் செல்லுங்கள். பிரிவதற்கு முன்பிருந்த அந்தப் பழைய ஒரே திருநாளின் எச்சம் அது. கத்தோலிக்க முறையில், இருட்டிய பிறகு, ஆலயத்துக்கு வெளியே புதுத் தீ மூட்டுகிறார்கள். அதிலிருந்து ஏற்றப்படும் பெரிய மெழுகுதிரியில் சிலுவைக் குறியும், கிரேக்க நெடுங்கணக்கின் முதல், கடைசி எழுத்துகளும், அந்த ஆண்டின் நான்கு எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். விளக்கில்லாத ஆலயத்துக்குள் அந்த ஒரு திரி நுழைகிறது. அதிலிருந்து ஒவ்வொருவர் கையிலுள்ள திரிக்கும் தீ கைமாறுகிறது. பிறகு உலகப் படைப்பிலிருந்து தொடங்கி வாசகங்கள். பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழும் புதிய ஏற்பாட்டிலிருந்து இரண்டும் உண்டு. நேரம் கருதிச் சிலவற்றை விடலாம், ஆனால் செங்கடலைக் கடந்த வாசகத்தை மட்டும் விடக் கூடாது என்பது விதி. அதன்பின் மணிகள் ஒலிக்கும். புதிதாகச் சேர்வோருக்குத் திருமுழுக்கு நடக்கும். அந்தப் பெரிய திரியைப் பெந்தெகொஸ்தே வரை பீடத்தருகே வைத்திருப்பார்கள்; அதற்குப் பிறகு ஆண்டு முழுவதும் குழந்தைகளின் திருமுழுக்கின்போதும், இறந்தவர்களின் அடக்கத் திருப்பலியின்போதும் அதையே ஏற்றுவார்கள்.

வழிபாடு இரண்டு மணி நேரத்துக்கு மேலும் நீளக்கூடும். தீ மூட்டுவது வெளியே என்பதால் சற்று முன்னதாகவே போய்விடுங்கள். கையில் பிடிக்கும் திரியை வாசலிலேயே தருவார்கள்.